கட்டம் கட்டமாய்த் தெரிந்த தமிழ்

2015 அக்டோபர் 11, ஞாயிற்றுக்கிழமை. புதுக்கோட்டையில் தமிழ் வலைப்பதிவர் திருவிழா. முந்தைய வருஷங்களில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த சந்திப்பு அந்த முறை இந்த ஊருக்கு வந்தது. நடத்தியது ஏதோ மென்பொருள் கம்பெனி இல்லை. கணினித் தமிழ்ச் சங்கம் என்ற பெயரில் ஒன்றுசேர்ந்த உள்ளூர்க்காரர்கள், அதிலும் நிறையப் பேர் பள்ளி ஆசிரியர்கள். கவிஞர் நா. முத்துநிலவன் முன்னே நின்றார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தோடு சேர்ந்து இலக்கியப் போட்டிகளும் வைத்தார்கள்.

இந்தச் சங்கத்தார் அதற்கு முன்பிருந்தே மாவட்டத்து ஆசிரியர்களுக்கு இணையத் தமிழ்ப் பயிற்சி முகாம்கள் நடத்திவந்தார்கள். வலைப்பூ எப்படித் தொடங்குவது, தமிழில் எப்படித் தட்டுவது, படம் எப்படிச் சேர்ப்பது, இவைதான் பாடம். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லித் தர, இன்னொருவர் கற்றுக்கொள்வார். இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆனால் தமிழில் இணையப் பக்கம் செய்யக் கற்றுக்கொண்டவர்களின் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால், ஆரம்பம் முதல் இந்த ஒரு வழிதான் வேலை செய்திருக்கிறது. இடம் கொடுத்த கம்பெனியின் உதவி மையத்தில் கேட்டுப் பதில் வாங்கியவர்கள் குறைவு. பக்கத்து ஆளிடம் கேட்டு வாங்கியவர்கள்தான் அதிகம். அந்தப் பக்கத்து ஆள் சில நேரம் ஜெர்மனியில் இருந்தார், சில நேரம் அதிராம்பட்டினத்தில் இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆங்கிலத்தில் வெப் டெவலப்மென்ட் கற்பவனுக்கு எச்டிஎம்எல் கஷ்டம், சிஎஸ்எஸ் கஷ்டம், ஜாவாஸ்கிரிப்ட் கஷ்டம். தமிழில் கற்றவனுக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வேறொரு கஷ்டம் வாசலிலேயே நின்றது. எழுத்தே தெரியாது. படிப்பறிவு இல்லை என்ற அர்த்தத்தில் அல்ல. திரையில் தெரியாது!

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தை விஎஸ்என்எல் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் நான்கு மொழிக் கவிதைகள் கொண்ட ஓர் இணையத்தளம் தொடங்கப்பட்டது. அதில் தமிழும் இருந்தது. அந்தத் தமிழை வலையில் ஏற்றிக் காட்டியதில் முக்கியமானவர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. அவர் உருவாக்கிய கணியன் முறைதான் அதற்கு அடிப்படை. இணையத்தில் வந்த முதல் தமிழ்ப் பக்கம் என்று பலரும் குறிப்பிடுவது இதைத்தான். அவர் 1999ல் மறைந்துவிட்டார். தமிழ் ஒருங்குறி பரவலானதை அவர் பார்க்கவில்லை.

அவர் மட்டுமல்ல. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் செய்துகொண்டிருந்தார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சியாளரான கு. கல்யாணசுந்தரம் மயிலை என்ற எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். கனடாவில் கு. சீனிவாசன் ஆதமி. ஆஸ்திரேலியாவில் இருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் மடற்குழுவில் எல்லோரும் கூடினார்கள். சம்பளமில்லாத வேலை. இவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டரும் தொலைபேசி இணைப்பும் அங்கேதான் எளிதாகக் கிடைத்தன.

சரி, எழுத்து ஏன் தெரியவில்லை? அன்றைய கணினிக்கு ஓர் எழுத்து என்றால் ஒரு பைட். ஒரு பைட்டில் 256 இடம். முதல் 128ஐ ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. மிச்சம் 128. அதற்குள் உயிரெழுத்து, மெய், கொம்பு, கால், உகர ஊகார வடிவங்கள் எல்லாவற்றையும் நெருக்கி அடைக்க வேண்டும். 247ம் வேண்டாம், துண்டு துண்டாக வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் ஒருவாறு அடைந்தது. ஆனால் எந்த எழுத்து எந்த இடத்தில் என்று ஒவ்வொருவரும் தத்தம் இஷ்டப்படி அடைத்தார்கள். ஒரு ஃபாண்டில் ‘க’ இருக்கும் இடத்தில் இன்னொன்றில் ‘டு’ இருக்கும். நாளிதழ்களும் வார இதழ்களும் இணையத்துக்கு வந்தபோது ஆளுக்கொரு ஃபாண்டோடு வந்தன. நாலு பத்திரிகை படிக்க வேண்டுமானால் நாலு ஃபாண்ட் இறக்க வேண்டும்.

இறக்கிவிட்டால் மட்டும் போதாது. உலாவியில் வியூ மெனுவுக்குப் போய், என்கோடிங் என்பதில் யூசர் டிஃபைன்ட் என்று மாற்ற வேண்டும். அப்போது மின்னஞ்சல் பக்கம் ஒழுங்காகத் தெரியாமல் போகும், திரும்ப மாற்ற வேண்டும். ‘உங்கள் தளம் எனக்குத் தெரியவில்லை’ என்பதுதான் அந்தக் காலத்துத் தமிழ்த் தளங்களுக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி என்று சொன்னால் அது பெரிய மிகையாக இருக்காது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க மடற்குழுவில் பேசிப் பேசி உருவானதுதான் திஸ்கி. ஆளாளுக்கு ஒன்று என்பதை விட்டு எல்லோரும் ஒரே வரிசையில் எழுத்தை வைப்போம் என்ற ஒப்பந்தம். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டி ஏற்றியபோது, இந்தத் திஸ்கியைத்தான் பிடித்துக்கொண்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு தாப், தாம் என்று வேறு இரண்டைத் தரமாக அறிவித்தது. ஆக, ஒரே மொழிக்கு மூன்று தரம். எது சிறந்தது என்று நடந்த சண்டைகளைத் தனியாக எழுதினால் ஒரு புத்தகம் வரும். இங்கே வேண்டாம்.

திஸ்கியில் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் போகமுடியாது. முதலில் ‘இ’ என்ற எழுத்தை 173ஆம் இடத்தில் வைத்திருந்தார்கள். அந்த 173 என்பது ஐரோப்பிய எழுத்து வரிசையில் ஒரு வகை இணைப்புக்கோட்டின் இடம். வரி உடையும்போது மட்டும் தெரிய வேண்டிய கோடு, மற்ற நேரத்தில் மறைந்திருக்க வேண்டும். உலாவிகள் சில அந்த விதியை மதித்து அதை மறைத்துவிட்டன. ‘இணையம்’ என்று எழுதினால் ‘ணையம்’ என்று தெரியும்! எழுதியவன் தன் எச்டிஎம்எல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாலும் தப்பு கிடைக்காது. ஏனென்றால் தப்பு அங்கே இல்லை. 1.7ஆம் பதிப்பில் இகரத்தைத் தூக்கி 254ஆம் இடத்தில் போட்ட பிறகுதான் இது தீர்ந்தது.

எச்டிஎம்எல் எப்படிக் கற்றார்கள்? தினமலரின் கம்ப்யூட்டர் மலர், தமிழ் கம்ப்யூட்டர் மாதிரியான பத்திரிகைகள், ஊருக்கு ஊர் முளைத்த கம்ப்யூட்டர் சென்டர்கள். எல்லாவற்றையும்விட, வியூ சோர்ஸ். பிடித்த பக்கத்தைத் திறந்து, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, அப்படியே எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, ஏற்றிப் பார்ப்பது. காப்பி அடித்துப் படித்தவன் பரீட்சையில் தேறுவானோ மாட்டானோ, வலைப்பக்கத்தில் தேறிவிடுவான்.

ஏற்ற இடம் வேண்டும். காசு கொடுத்து வாங்க அன்றைக்கு டாலரில் கட்டும் கிரெடிட் கார்டு வேண்டும். கல்லூரி மாணவனுக்கும் பள்ளி ஆசிரியருக்கும் அது எங்கே இருந்தது? ஆகவே இலவசம்தான். ஜியோசிட்டிஸ், டிரைபாட், ஏஞ்சல்ஃபயர். இதில் ஜியோசிட்டிஸ் நம்மவர்களுக்கு ரொம்ப நெருக்கம். 1999ல் யாஹூ அதை வாங்கியது. இலவசக் கணக்குக்கு 15 எம்பி இடம். ஆனால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 4.2 எம்பிக்கு மேல் யாரும் இறக்கிவிட்டால் கதவு சாத்தப்படும். ‘இந்தப் பக்கம் தற்காலிகமாக இல்லை’ என்று அறிவிப்பு வரும்.

இங்கேதான் தமிழுக்குத் தனி வரி விழுந்தது. ஆங்கிலப் பக்கம் என்றால் எழுத்து மட்டும் போகும், அது சில கேபி. தமிழ்ப் பக்கத்தில் ஃபாண்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஃபாண்ட் 60 கேபி என்று வைத்துக்கொண்டால், கட்டுரையைக் கணக்கில் எடுக்காமலே மணிக்கு 70 பேர் இறக்கினால் முடிந்தது. யாராவது ஒரு மடற்குழுவில் சுட்டி கொடுத்துப் பாராட்டிவிட்டால் அன்றைக்குத் தளம் படுத்துவிடும். பாராட்டு வாங்கியவன் அடுத்த மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும்.

ஃபாண்டை இறக்காமலே தெரியவைக்க ஒரு தந்திரம் 1997ல் வந்தது. டைனமிக் ஃபாண்ட் என்பார்கள். பக்கத்தோடு சேர்ந்தே எழுத்துரு வந்து, பக்கத்தை மூடியதும் போய்விடும். நெட்ஸ்கேப் 4 ஒரு முறையில் செய்தது, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 வேறொரு முறையில் செய்தது. இரண்டுக்கும் ஒத்துப்போகாது, ஆகவே இரண்டு கோப்பு தயாரிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் முறையில் இன்னொரு சிக்கல். எழுத்துருக் கோப்பைத் தயாரிக்கும்போதே எந்த முகவரிக்கு என்று அதற்குள் எழுதி முத்திரை குத்திவிட வேண்டும். வேறு முகவரியிலிருந்து திறந்தால் வேலை செய்யாது. இலவச இடம் சரியில்லை என்று இன்னொரு இடத்துக்கு மாறியவர்கள், கோப்புகளை எல்லாம் ஒழுங்காக ஏற்றிய பிறகும் வெறும் கிறுக்கலைப் பார்த்து முழித்தது இதனால்தான். புது இடத்துக்காரரிடம் கேட்டால் கோப்பு சரியாக இருக்கிறது, சர்வர் சரியாக இருக்கிறது என்பார். அவர் சொன்னது உண்மைதான். அந்த உண்மையால் கேட்டவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

யூனிகோடு என்ற ஒருங்குறியில் தமிழ் 1991லேயே, முதல் பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் ஏட்டில் இருப்பது வேறு, வீட்டுக் கணினியில் தெரிவது வேறு. விண்டோஸ் 2000தான் லதா என்ற எழுத்துருவோடு தமிழைக் கொண்டுவந்தது. விண்டோஸ் எக்ஸ்பி 2001ல் வந்தது. அதிலும் கண்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குப் போய், சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளை நிறுவு என்று ஒரு டிக் அடிக்க வேண்டும். அடித்தவுடன் எக்ஸ்பி சிடியைப் போடு என்று கேட்கும். பிரவுசிங் சென்டரில் அந்த சிடி இருக்காது. இருந்தாலும் ஓனர் மற்றவர்களுக்காக அதைத் தேடி எடுத்துத் தர மாட்டார். டிக் அடிக்காமல் விட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். விண்டோஸ் 98ல் அதுவும் இல்லை, நேராகக் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

பதிவர்கள் பெருகியது அந்த நிலையில்தான். கூகுள் 2003 பிப்ரவரியில் ப்ளாக்கரை வாங்கியது. இடத்துக்குக் காசில்லை, சர்வர் தலைவலி இல்லை, யூனிகோடில் எழுதினால் யூனிகோடாகவே இருக்கும். தமிழர்கள் வந்து குவிந்தார்கள். மதி கந்தசாமி வலைப்பூக்களின் பட்டியலைத் தொகுத்தார். 2004ல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கினார். ப்ளாக்கருக்கும் ஒரு குறும்பு உண்டு. தலைப்பைத் தமிழில் வைத்தால் முகவரியில் அது வராது. வெறும் ‘ப்ளாக்-போஸ்ட்’ என்றும், அடுத்தடுத்தவற்றுக்குப் பின்னால் ஒரு எண்ணும் போட்டுவிடும். அதற்காக முதலில் ஆங்கிலத்தில் ஒரு தலைப்பு வைத்துப் பதிப்பித்துவிட்டு, பிறகு தமிழுக்கு மாற்றுவது என்ற வித்தையைப் பதிவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள். கையேட்டில் இருந்த வித்தை அல்ல இது. பின்னூட்டத்தில் கற்றது.

எதில் தட்டுவது? முகுந்தும் தமிழா குழுவினரும் கொடுத்த இ-கலப்பை. பழைய ஃபாண்டில் எழுதிவைத்ததை யூனிகோடாக எப்படி மாற்றுவது? ஜெர்மனியிலிருந்து சுரதா யாழ்வாணன் செய்த பொங்கு தமிழ். ஒரு பெட்டியில் கிறுக்கலை ஒட்டினால் மறுபெட்டியில் தமிழ் வரும். யூனிகோடு தெரியாத பழைய கணினிக்காரர்களுக்கு என்ன வழி? உமர் தம்பி.

உமர் தம்பியைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்திலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் தஞ்சாவூர் மாவட்டத்து அதிராம்பட்டினம். அந்த ஊர்க்காரர். தேனீ என்ற பெயரில் யூனிகோடு எழுத்துரு செய்து, அதைப் பக்கத்தோடு சேர்ந்து வரும் டைனமிக் எழுத்துருவாகவும் ஆக்கிக் கொடுத்தார். வலைப்பூ டெம்ப்ளேட்டில் சில வரிகளைச் சேர்த்தால் போதும், விண்டோஸ் 98 வைத்திருப்பவரும் படிக்கலாம். எங்கே ஒட்டுவது, ஒட்டினால் ஏன் தெரியவில்லை என்று கேட்டவர்களுக்கும் பதில் சொன்னார். 2006 ஜூலையில் மறைந்தார். ஒரு பெரிய கம்பெனி ஒரு துறையே வைத்துச் செய்ய வேண்டிய வேலையைச் சில தனி ஆட்கள் ராத்திரி கண்விழித்துச் செய்தார்கள் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

இதே வருஷங்களில் அமெரிக்கக் கம்பெனிகளின் வாடிக்கையாளர் உதவி மையங்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் வந்துகொண்டிருந்தன. உச்சரிப்பு புரியவில்லை, எழுதிவைத்ததையே படிக்கிறார்கள் என்று அமெரிக்க வாடிக்கையாளர்கள் புகார் சொன்னார்கள். 2003 நவம்பரில் டெல் கம்பெனி அலுவலகக் கணினிகளுக்கான அழைப்புகளை இந்தியாவிலிருந்து திருப்பி எடுத்துக்கொண்டது. டெக்சாஸ்காரரின் பிரிண்டர் பிரச்சனையை ராத்திரியெல்லாம் சென்னையில் ஒரு தமிழ்ப் பையன் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் வீட்டுத் தமிழ்ப் பக்கம் ஏன் தெரியவில்லை என்று கேட்க அவனுக்கு ஓர் எண் இல்லை.

இனி கதையின் மோசமான பகுதி. சொந்தப் பெயரில் டொமைன் வாங்கி, ஹோஸ்டிங் வாங்கி, வேர்ட்பிரஸ் நிறுவியவர்களின் பகுதி. ப்ளாக்கரில் இருந்தவரை கூகுள் பார்த்துக்கொண்டதை எல்லாம் இங்கே தானே பார்க்க வேண்டும்.

முதல் அடி சர்வரிலிருந்து வரும். பக்கத்தின் தலையில் ‘இது யூடிஎஃப்-8’ என்று எழுதிவைத்தாலும், சர்வர் அனுப்பும் தலைப்புக் குறிப்பில் வேறு குறிமுறை சொல்லியிருந்தால் உலாவி சர்வர் சொல்வதைத்தான் நம்பும். எச்டிஎம்எல் 4 தரமே அப்படித்தான் சொல்கிறது. அப்பாச்சி 2.0ன் ஆரம்பப் பதிப்புகளோடு வந்த அமைப்புக் கோப்பில், எல்லாப் பக்கத்தையும் மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று அறிவி என ஒரு வரி இருந்தது. வீட்டுக் கணினியில் அழகாகத் தெரிந்த பக்கம், ஏற்றியவுடன் தொப்பி போட்ட ‘ஏ’க்களும் வட்டத்துக்குள் ‘ஆர்’களுமாக மாறும். தீர்வு ஒரே ஒரு வரி. அதை எந்தக் கோப்பில் போடுவது என்று தெரிந்தால் இரண்டு நிமிஷ வேலை. தெரியாதவருக்கு இரண்டு வாரம்.

அடுத்தது தரவுத்தளம். மைஎஸ்கியூஎல் ஸ்வீடனில் பிறந்தது. அதனால் அதன் இயல்பான எழுத்து வகை லத்தீன்-1, அகரவரிசை ஸ்வீடிஷ்! தமிழ்க் கட்டுரையைச் சேமித்த அட்டவணையைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் ஸ்வீடிஷ் என்று எழுதியிருக்கும். 2018ல் வந்த 8.0 பதிப்பு வரை இதுதான் நிலை.

இது எப்படிக் கெடுக்கும் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். யூடிஎஃப்-8ல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறி, ஆக 15 பைட். திஸ்கியில் இதுவே 4 பைட். தரவுத்தளமோ லத்தீன் கணக்கில் ஒரு பைட்டை ஓர் எழுத்து என்று நினைக்கிறது. அது ‘தமிழ்’ என்பதைப் பதினைந்து ஐரோப்பிய எழுத்தாகச் சேமித்துக்கொள்ளும். கேட்கும்போது அதே பதினைந்தையும் அப்படியே திருப்பித் தரும். உலாவி அதை யூடிஎஃப்-8 என்று படித்து ‘தமிழ்’ என்று காட்டும். போகும்போது ஒரு பொய், வரும்போது ஒரு பொய், இரண்டும் கழிந்துபோய்ப் பேரேடு சரியாக வந்துவிடும். எழுதியவருக்கு எதுவும் தெரியாது. வருஷக்கணக்கில் இப்படியே ஓடும்.

ஒரு நாள் யாராவது உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அன்றைக்குத்தான் விபத்து. 2007 மே மாதம் வந்த வேர்ட்பிரஸ் 2.2, தரவுத்தளத்தோடு எந்த எழுத்து வகையில் பேசுவது என்று அமைப்புக் கோப்பில் குறிப்பிடும் வசதியைக் கொண்டுவந்தது. நல்ல வசதிதான். ஆனால் பழைய தளத்தை மேம்படுத்தியவர்கள் புது மாதிரிக் கோப்பை எடுத்துப் பயன்படுத்தியபோது, வரும் வழியில் இருந்த பொய் மட்டும் நின்றுபோனது. போன வழியில் சொன்ன பொய் அப்படியே இருந்தது. ராத்திரி படுக்கும்போது தமிழாக இருந்த தளம் காலையில் கிறுக்கலாக நின்றது. தமிழர்களுக்கு மட்டும் அல்ல, ஆங்கிலம் அல்லாத மொழிக்காரர்கள் பலருக்கும் இதே கதை. ஜப்பானியர்கள் இப்படிக் கெட்டுப்போன எழுத்துக்கு மொஜிபாகே என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ரஷ்யர்களிடமும் இதற்கு ஒரு கிண்டல் சொல் உண்டு. ஒரே மொழிக்கு இரண்டு மூன்று குறிமுறை வைத்து அடித்துக்கொண்டதில் அவர்கள் நமக்கு அண்ணன். பார்வையாளரின் கணினிக்கு ஏற்ப எழுத்தை மாற்றித் தரும் தனி அப்பாச்சியே செய்துகொண்டார்கள்.

இப்போது உதவி மையத்துக்கு ஒரு புகார்ச் சீட்டு போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சனையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எந்த எழுத்து கெட்டது என்று காட்ட அந்த எழுத்தையே ஒட்டினால், அவர்களின் புகார்ப் பெட்டியிலும் அது கேள்விக்குறியாகத்தான் விழும். பதில் வரும்: சர்வர் ஒழுங்காக இயங்குகிறது, இது நீங்கள் நிறுவிய நிரலின் பிரச்சனை, எங்கள் பொறுப்பில் வராது. நிரல்காரர்களின் மன்றத்தில் கேட்டால், உங்கள் ஹோஸ்டிங் கம்பெனியைக் கேளுங்கள் என்பார்கள். திருவிளையாடலில் வந்ததுபோல் சுற்றிச் சுற்றி வரலாம், பழம் மட்டும் கிடைக்காது.

இதில் வேண்டியிருந்தது ஒரே ஒரு தகவல். திரையில் தெரிவது கிறுக்கலா, கேள்விக்குறியா? கிறுக்கலாக இருந்தால் பயப்பட வேண்டாம். பைட்டுகள் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, பெயர்ச்சீட்டுதான் தப்பு. அந்தப் பத்தியை முதலில் வெறும் பைட்டுக் குவியலாக மாற்றி, பிறகு யூடிஎஃப்-8 என்று பெயர் மாற்றினால் தமிழ் திரும்பி வந்துவிடும். கேள்விக்குறியாக இருந்தால்? தமிழ் எழுத்தை லத்தீனாக மாற்று என்று யாரோ நிஜமாகவே சொல்லி, அதில் அப்படி ஓர் எழுத்து இல்லாததால் கணினி ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதிவைத்துவிட்டது. ‘அம்மா’வும் கேள்விக்குறி, ‘ஆடு’ம் கேள்விக்குறி. அதிலிருந்து மீட்க எந்த மருந்தும் இல்லை. பழைய பிரதி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் போனது போனதுதான்.

இந்த வித்தியாசம் தெரியாமல், கிறுக்கலாக இருந்ததைச் சரிசெய்கிறேன் என்று மாற்றி மாற்றிச் சேமித்துக் கடைசியில் கேள்விக்குறி ஆக்கியவர்கள் உண்டு. ‘கையை எடுங்கள், எதையும் சேமிக்காதீர்கள், முதலில் ஒரு பிரதி எடுங்கள்’ என்று சொல்ல அந்த நேரத்தில் ஒரு பதிவர் பக்கத்தில் இருந்தாரா இல்லையா என்பதுதான், சில வருஷ எழுத்து பிழைத்ததா செத்ததா என்பதைத் தீர்மானித்தது.

சின்னச் சின்ன அநியாயங்களும் உண்டு. வேர்ட்பிரஸ் முகவரியில் தலைப்புக்கு 200 எழுத்து இடம் ஒதுக்கியது. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழ்க் குறி ஒன்று முகவரியில் சதவீதக் குறியும் எண்ணுமாக ஒன்பது எழுத்தாக ஊதிப்போகும். ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லுக்கே 45. ஆக 22 குறியோடு தலைப்பு பாதியில் வெட்டுப்படும். ஏன் வெட்டுப்படுகிறது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது ரொம்பப் புதிய பிரச்சனை என்று சொல்லவும் முடியாது. சித்தன்னவாசலில் ஓவியம் பார்க்கப் போகிறவர்கள், மலைமேல் ஏழடிப்பட்டம் குகையையும் பார்த்திருப்பார்கள். சமணப் படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் அங்கே இருக்கின்றன. இந்த மாதிரி ஆரம்பகாலக் கல்வெட்டுகளை ஒழுங்காகப் படிக்க முடியாமல் அறிஞர்கள் பல காலம் திணறினார்கள். எழுத்து தெரிந்தும் சொல் வரவில்லை. காரணம், சில கல்வெட்டுகளில் குறியில்லாத ‘க’ வடிவத்தை ‘க்’ என்று படிக்க வேண்டும், கால் போட்ட வடிவத்தை ‘க’ என்று படிக்க வேண்டும். சிலவற்றில் வேறு விதி. புள்ளி பின்னால்தான் வந்தது. எந்தக் கல்வெட்டு எந்த முறையில் எழுதப்பட்டது என்று பிரித்துக் காட்டிய ஐராவதம் மகாதேவனின் பெரிய நூல் 2003ல் வெளிவந்தது. அதே வருஷங்களில் நம் பதிவர்கள் ‘இது திஸ்கியா, தாபா, யூனிகோடா’ என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்!

ஆனால் கல் அங்கேயே இருந்தது. தப்பாகப் படித்தாலும் அழியவில்லை. ஜியோசிட்டிஸ் அப்படி இல்லை. 2009 அக்டோபர் 26 அன்று யாஹூ அதை மூடியது. பதிவர்களாக மாறாமல் அங்கேயே நின்றுவிட்ட தமிழ்ப் பக்கங்களில் யாராவது நகல் எடுத்துவைத்தவை மட்டும் மிஞ்சின. மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று இலக்கியமும் அரட்டையுமாக ஓடிய குழுக்கள் இருந்த இடம் யாஹூ குரூப்ஸ். ‘எனக்குக் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே’ என்ற கேள்விக்குப் பதில்கள் எழுதப்பட்டதும் அந்த மாதிரி மடற்குழுக்களில்தான். 2019 டிசம்பரில் யாஹூ அங்கிருந்த பழைய மடல்களை நீக்கத் தொடங்கி, 2020 டிசம்பரில் சேவையையே மூடிவிட்டது. தமிழ் இணையத்தின் உதவி மையம் எதுவோ, அதன் கோப்புகளில் பெரும்பகுதி அதோடு போயிற்று.

புதுக்கோட்டையில் ஞானாலயா என்று ஒரு நூலகம். பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதி தங்கள் சொந்த முயற்சியில் உருவாக்கியது. பழந்தமிழ்ப் பதிப்புகளின் முதல் பிரதிகளைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் வெளியூரிலிருந்து அங்கே வருவதுண்டு. நூறு வருஷத்துக்கு முந்தைய புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டித் திறந்தால் ‘அ’ என்றால் ‘அ’தான். 2001ல் ஒருவர் திஸ்கியில் எழுதிய கட்டுரையை இன்று ஆவணக் காப்பகத்தில் கண்டுபிடித்துத் திறந்தால் தொப்பி போட்ட எழுத்துகள்தான் வரும். இன்றைய உலாவிகளின் குறிமுறைப் பட்டியலில் திஸ்கி இல்லை.

படிக்க முடியாமலும் இல்லை. கிறுக்கலை முழுசாகப் பிடித்து நகலெடுத்து, பொங்கு தமிழ் மாதிரி ஏதாவது ஒரு மாற்றியில் ஒட்ட வேண்டும். எந்த ஃபாண்ட் என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க வேண்டும்: தாப், தாம், முரசு, பத்திரிகைகளின் பழைய ஃபாண்டுகள். நாலாவதோ ஐந்தாவதோ முறை திடீரென்று தமிழ் வரும். திஸ்கியின் பழைய பதிப்பில் தட்டியதாக இருந்தால் இகரம் மட்டும் வழியில் நழுவிப்போயிருக்க வாய்ப்புண்டு. ‘ணையம்’ என்று இருக்கும் இடத்தில் எல்லாம் முன்னால் ஓர் ‘இ’யைக் கையால் போட்டுக்கொள்ள வேண்டும்.